செருப்புக்கு ஏற்ற காலா? காலுக்கு ஏற்ற செருப்பா?

கால் நன்றாக இருக்கும் வரையில் அதைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. அது பாட்டுக்கு நடக்கிறது. மனிதன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறான். ஒரு நாள் ஆற்றுப் படித்துறையில் பாசி வழுக்குகிறது. அல்லது மோட்டார் சைக்கிள் சாய்கிறது. எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கையில் கிடக்கும்போதுதான், ஒரு குடும்பத்தையே தாங்கிக்கொண்டிருந்தது அந்தக் கால் என்பது வீட்டாருக்குத் தெரிகிறது.

சில மாதங்கள் செல்கின்றன. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். "இனிமேல் மெதுவாக நடந்து பழகுங்கள்" என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அன்றுதான் புதிய கஷ்டம் ஆரம்பமாகிறது. பழைய செருப்பில் பாதம் நுழைவதில்லை. நுழைந்தாலும் வலிக்கிறது. கால் தடுமாறுகிறது. மறுபடியும் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வருகிறது. அந்தப் பயத்திலேயே வீட்டின் மூலையில் உட்கார்ந்துவிட்டவர்கள் அநேகர்.

ஆகவே, அடிபட்ட காலுக்கு எந்தப் பாதரட்சை ஏற்றது என்பது அலங்கார விஷயம் அல்ல. ஒருவர் திரும்பவும் வேலைக்குப் போவாரா, மாட்டாரா என்பதே சில சமயம் அதைப் பொறுத்திருக்கிறது.

இந்தக் கஷ்டத்தை உலகத்துக்கு முன்னால் அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோல்ஃப் ஆட்டக்காரர்கள். "கோல்ஃப் பணக்காரர் ஆட்டமாயிற்றே! ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடுவது. அம்பாசமுத்திரத்துக்காரருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. புல் மேட்டில் நடக்கும் காலும், வயல் வரப்பில் நடக்கும் காலும் படுகிற பாடு ஒன்றுதான்.

மூடுபனியில் மோதிய பஸ்

1949-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் பென் ஹோகன் என்ற புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் மனைவியுடன் காரில் போய்க்கொண்டிருந்தார். கடும் மூடுபனி. எதிரே வந்த ஒரு பெரிய பஸ், காரின் மேல் நேராக மோதியது. மோதும் கணத்தில் ஹோகன் தம் மனைவியைக் காப்பதற்காக அவர்மேல் குறுக்கே பாய்ந்தார். அதனால் மனைவி பிழைத்தார். அவரும் பிழைத்தார். ஆனால் இடுப்பெலும்பு, கழுத்துப்பட்டை எலும்பு, விலா, இடது கணுக்கால் எல்லாம் முறிந்துவிட்டன.

அதோடு போகவில்லை. காலில் ரத்தம் உறைந்து கட்டியாகியது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே டாக்டர்கள் வயிற்றிலுள்ள பெரிய ரத்தக் குழாயைக் கட்டிவிட்டார்கள். உயிர் தப்பியது. ஆனால் கால்களிலிருந்து ரத்தம் திரும்புவது கடினமாகிவிட்டது. அது முதல் கொஞ்ச தூரம் நடந்தாலும் கால் வீங்கும். இனி இவர் நடப்பதே சந்தேகம் என்று பேசினார்கள்.

பதினாறு மாதங்கள் கழித்து, 1950 ஜூன் மாதத்தில், அதே ஹோகன் அமெரிக்க ஓபன் பந்தயத்தில் இறங்கினார். கால்களில் பட்டித் துணியை இறுகச் சுற்றிக்கொண்டுதான் ஆடினார். கடைசி நாளன்று இரண்டு முழு ஆட்டங்கள். அன்று ஒரே நாளில் அவர் நடந்த தூரம் பத்து மைலுக்குக் குறையாது. ஆட்டம் சமமாக முடிந்ததால் மறுநாளும் ஆட வேண்டியிருந்தது. அதில் ஜயித்தார்.

பூட்ஸை மாற்றிய வீரர்

இன்னொருவர் டைகர் உட்ஸ். இந்தப் பெயர் பலருக்குத் தெரிந்ததே. 2021 பிப்ரவரி 23-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பக்கத்தில் அவருடைய கார் உருண்டது. வலது முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் பல துண்டுகளாக உடைந்து தோலுக்கு வெளியே வந்துவிட்டன. டாக்டர்கள் எலும்புக்குள் ஒரு கம்பியைச் செலுத்தினார்கள். பாதத்திலும் கணுக்காலிலும் திருகாணிகளும் ஊசிகளும் வைத்து முடுக்கினார்கள். காலை எடுத்துவிட வேண்டி வருமோ என்ற பேச்சும் இருந்தது என்று அவரே பிற்பாடு சொன்னார்.

2022 ஏப்ரலில் அவர் அகஸ்டா நகரத்து மாஸ்டர்ஸ் பந்தயத்துக்கு வந்தார். அது மேடும் பள்ளமுமான மைதானம். அவர் நடந்து வந்தபோது பார்த்தவர்கள் கண்கள் எல்லாம் அவருடைய கால்மேல் இருந்தன. ஏன் தெரியுமா? கால் நூற்றாண்டாக அவர் நைக்கி கம்பெனியின் பூட்ஸையே போட்டு வந்தவர். அந்தக் கம்பெனியோடு அவருக்கு ஒப்பந்தமும் இருந்தது. அன்றைக்கோ ஃபுட்ஜாய் என்ற வேறு கம்பெனியின் பூட்ஸைப் போட்டிருந்தார்!

காரணத்தை அவர் மறைக்கவில்லை. காலுக்குள் கம்பியும் தகடும் திருகாணியும் இருக்கின்றன. கணுக்கால் முன்போல் அசைவதில்லை. ஆகவே கால் ஆடாமல் நிற்கும்படியான வேறு ஒன்று வேண்டியிருந்தது என்றார். அவருக்குத் தேவை கம்பெனியின் பெயர் அல்ல; உறுதி. நான்கு நாளும் நடந்து ஆடி முடித்தார். அவருக்குக் கிடைத்தது 47-வது இடம். ஆனால் அந்த இடத்தைத் தோல்வி என்று யாரும் சொல்லவில்லை.

கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023-இல் அதே பந்தயத்தின் நடுவில் வலி தாங்காமல் விலகினார். பிறகு கணுக்காலில் மறுபடியும் ஆபரேஷன் செய்துகொண்டார். நல்ல பூட்ஸ் நடக்க உதவும். உடைந்த மூட்டைப் புதிதாக்கிவிடாது.

வரப்பும் புல்மேடும்

கோல்ஃப் ஆட்டத்தில் ஓட்டம் இல்லை. ஆனால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். நான்கைந்து மணி நேரம் ஆகும். பந்தை அடிக்கும்போது உடம்பு முழுவதும் சுழல்கிறது. வலது கை ஆட்டக்காரருக்கு எடை முழுவதும் இடது காலுக்கு மாறுகிறது. பாதம் வெளிப்பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. ஈரப் புல்லில் அப்போது கால் வழுக்கினால் ஆள் விழ வேண்டியதுதான். அதனால்தான் அந்தப் பூட்ஸின் அடியில் முன்காலத்தில் இரும்பு முள் வைத்தார்கள். 1990-க்குப் பிறகு இரும்பு முள் போய் பிளாஸ்டிக் முள் வந்தது.

அம்பாசமுத்திரம் வட்டாரத்து விவசாயியை எண்ணிப் பாருங்கள். தாமிரபரணியின் கால்வாய்ப் பாசனத்தில் வரப்பு ஒரு சாண் அகலம். அதுவும் எப்போதும் ஈரம். தலையில் நாற்றுக்கட்டு, அல்லது தோளில் மண்வெட்டி. திரும்பும்போது எடை முழுவதும் ஒரு காலில் இறங்குகிறது. பாபநாசம் படித்துறையில் நனைந்த வேட்டியோடு ஏறுகிறவருக்கும் இதே நிலைமைதான். முன்பு முறிந்த கணுக்கால் இதைத் தாங்க வேண்டுமானால், பாதரட்சை மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். குதிகாலைப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் சாயாமல் நிறுத்த வேண்டும். தரையைப் பற்ற வேண்டும்.

வேலூரில் கண்ட உண்மை

அடிபட்ட காலுக்கும் பாதரட்சைக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்து கண்டவர் ஒருவர் உண்டு. அவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேயப் பாதிரிமார். இங்கிலாந்தில் வைத்தியம் படித்துவிட்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோயாளிகளின் பாதங்களில் ஆறாத புண்கள் இருந்தன. நோயே பாதத்தைத் தின்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். பிராண்ட் அப்படி நினைக்கவில்லை. நோயாளிகளுக்கு உணர்ச்சி இல்லை. செருப்பின் ஆணி குத்தினாலும் தெரிவதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுகிறது. புண் வருவதற்கு அதுதான் காரணம் என்று கண்டார். அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிட்டால் புண் குறையும் அல்லவா? அதற்காகப் பலவகைப் பாதரட்சைகளைச் செய்து பார்த்தார்கள். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் உள்ளே. வளையாத கெட்டியான அடிப்பாகம் வெளியே. இந்தச் சேர்க்கை பயன் தந்தது. "எம்.சி.ஆர்." செருப்பு என்று அதற்குப் பெயர். இப்போது சர்க்கரை நோயாளிகளுக்கும் டாக்டர்கள் அதைச் சிபாரிசு செய்கிறார்கள்.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. "மெத்தென்று இருந்தால் போதும்" என்பது தப்பு. "கெட்டியாக இருந்தால் போதும்" என்பதும் தப்பு. பாதம் படும் இடம் மெத்தென்று இருக்க வேண்டும். தரை படும் இடம் உறுதியாக இருக்க வேண்டும்.

நம்பர் ஏமாற்றும்

"எனக்கு எட்டாம் நம்பர்" என்று சொல்லி வாங்குவது வழக்கம். இந்த நம்பர் பிரிட்டிஷ்காரர் வைத்துப் போனது. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது நீளத்தின் கணக்கு. அகலத்தை அது சொல்வதில்லை.

சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரையில், நாட்டின் பல பாகங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தார்கள். இந்தியரின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம் என்று தெரிய வந்தது. அகலம் போதாததால் பலர் ஒரு நம்பர் பெரிய பூட்ஸை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். நீளம் அதிகமாகி, குதிகால் உள்ளே வழுக்குகிறது. நல்ல காலுக்கே இது தொந்தரவு. அடிபட்ட காலுக்கு ஆபத்து.

கடையில் என்ன செய்வது?

திருநெல்வேலிச் சீமையில் எந்தக் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கே, அண்ணாச்சி!"

"போடப் போட இளகிரும், அண்ணாச்சி. தைரியமா எடுத்துக்கிடுங்க!"

தோல் இளகும் என்பது உண்மைதான். ஆனால் அது இளகும் வரையில் அடிபட்ட கால் ஏன் துன்பப்பட வேண்டும்? போட்டவுடனே சுகமாக இல்லாத பாதரட்சையை வாங்கவே கூடாது. செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுவார் உண்டா?

கடைக்குச் சாயங்காலத்தில் போவது நல்லது. அடிபட்ட கால் பொழுது சாயச் சாய வீங்கும். காலையில் சரியாக இருந்த பூட்ஸ் மாலையில் கடிக்கும். உட்கார்ந்து அளந்தால் போதாது. நின்று அளக்க வேண்டும். எடை விழும்போது பாதம் விரிகிறது. இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவை வாங்கிவிட்டு, சின்னப் பாதத்துக்கு உள்ளே அட்டை வைத்துக்கொள்ளலாம். நீளமான விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும்.

பிறகு பூட்ஸைக் கையில் எடுத்துச் சோதிக்க வேண்டும். குதிகாலைச் சுற்றியுள்ள பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அது மடங்கக் கூடாது. முன்னும் பின்னும் பிடித்து வளைத்தால், விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் வளைந்தால் வேண்டாம். ஈர வேட்டியைப் பிழிவதுபோல் முறுக்கினால் முறுக்கிக்கொள்ளக் கூடாது. உள் அட்டை கழற்றக் கூடியதாக இருந்தால் விசேஷம். டாக்டர் சொல்லும் தனி அட்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம். கனமான பூட்ஸ் வேண்டாம். படுக்கையில் கிடந்து இளைத்த தசைக்கு அதைத் தூக்குவதே ஒரு வேலை. கயிறு கட்டுகிற பூட்ஸானால், வீக்கத்துக்குத் தக்கபடி தளர்த்தவும் இறுக்கவும் முடியும். குனிய முடியாதவர்களுக்கு ஒட்டுப்பட்டை வைத்தது நல்லது.

கடைக்கு வர முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒரு கெட்டிக் காகிதத்தின் மேல் நிற்கச் செய்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். அந்த வடிவத்தை வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்ஸுக்குள் வைத்துப் பார்க்கலாம். காகிதம் ஓரத்தில் மடங்கினால் அந்தப் பூட்ஸ் பாதத்தைக் கடிக்கும் என்று அர்த்தம்.

ஒரு கால் குட்டையாகிவிட்டால்

முறிந்த எலும்பு கூடும்போது சில சமயம் கால் சற்றுக் குட்டையாகிவிடுகிறது. நடையில் ஒரு பக்கம் சாய்வு தெரியும். நாளடைவில் இடுப்பும் முதுகும் வலிக்கும். இதற்குக் குதிகாலை உயர்த்த வேண்டும். சிறிய வித்தியாசமானால் பூட்ஸுக்கு உள்ளே அட்டை வைத்தாலே போதும். ஒரு சென்டிமீட்டருக்கு மேலானால் உள்ளே இடம் போதாது. குதிகால் வெளியே வழுக்கும். அப்போது அடிப்பாகத்திலேயே உயரம் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பதை டாக்டர்தான் அளந்து சொல்ல வேண்டும்.

சேர்த்துத் தருகிறவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. டாக்டர் எழுதிக் கொடுத்த அளவை அவரிடம் காட்டி, பக்கத்தில் நின்று, போட்டு நடந்து பார்த்து வாங்க வேண்டும். டாக்டரின் கணக்கும் தொழிலாளியின் கைத்திறனும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். 1968-இல் ஜெய்ப்பூரில் டாக்டர் சேத்தியும், ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்துதான் உலகப் புகழ்பெற்ற ஜெய்ப்பூர்க் காலை உண்டாக்கினார்கள். டாக்டருக்கு எலும்பு தெரியும். கைவினைஞருக்கு ரப்பரும் மரமும் தெரியும்.

கணுக்கால் மடங்கவே மறுக்கிறவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. அடிப்பாகம் முன்புறத்தில் தோணியின் மூக்குப்போல் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். கால் மடங்காவிட்டாலும் பாதரட்சை உருண்டு முன்னே கொண்டுபோகும்.

பழைய செருப்பைத் தூக்கி எறிவதற்கு முன்னால் அதன் அடியைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது? வெளிப்பக்கமா, உட்பக்கமா? தேய்ந்த செருப்பு ஒரு சாட்சி. நடையின் குற்றத்தை அது சொல்லிவிடும். டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போவது உபயோகம்.

வாசலில் கழற்றும் வழக்கம்

மேல்நாட்டுப் புத்தகங்களில் காணப்படாத ஒரு கஷ்டம் தமிழ்நாட்டில் உண்டு. இங்கே வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். கோவிலில் கழற்றுகிறோம். ஆகவே அடிபட்ட கால் பாதி நேரம் வெறுங்காலாகவே சிமெண்டுத் தரையிலும் கருங்கல் தளத்திலும் நடக்கிறது. வெளியே நல்ல பூட்ஸ் போட்டும் வீட்டுக்குள் வலிக்கிறது என்பவர்களுக்குக் காரணம் இதுதான்.

இதற்குப் பரிகாரம் சுலபம். வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கு, தெருவே காணாத ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அதனால் வீட்டின் சுத்தம் கெடாது. பின்னால் வார் உள்ளதாக அது இருக்க வேண்டும். விரலால் கவ்விக்கொண்டு நடக்கும் ரப்பர் செருப்பு அடிபட்ட காலுக்கு உதவாது. அதைக் கவ்விப் பிடிப்பதற்கே விரல்கள் பாடுபடுகின்றன. குதிகாலோ பிடிப்பின்றி ஆடுகிறது. வாசலில் ஒரு நாற்காலி போட்டு, உட்கார்ந்து மாட்டவும் கழற்றவும் செய்தால் ஒற்றைக் காலில் நின்று தடுமாற வேண்டியதில்லை. கோவிலில் ஒரு கை கைப்பிடியிலும், ஒரு கை மகன் தோளிலும் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

புதுப் பாதரட்சையை முதல் நாள் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் இரண்டு மணி நேரம். கழற்றியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அரை மணிக்குள் மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்துகிறது என்று அர்த்தம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப் போயிருக்கலாம். வலி தெரியவில்லை என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று நினைக்கக் கூடாது. கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைத் தினமும் பார்க்க வேண்டும்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அது பூட்ஸின் குற்றம் அல்ல. ஹோகனுக்கு வந்ததுபோல் ரத்தம் உறைந்திருக்கலாம். காலைத் தேய்த்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. எலும்பு கூடிய பிறகும் வலி குறையாமல் வளர்ந்துகொண்டே போனாலும் டாக்டரைப் பார்ப்பதே சரி.

வெட்கம் வேண்டாம்

இத்தனையும் தெரிந்த பிறகும் சிலரைத் தடுப்பது பணம் அல்ல, வெட்கம். ஒரு பக்கம் உயரம் வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் எப்படி நடப்பது? நாலு பேர் பார்ப்பார்களே! கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டியோடு இந்தக் கறுப்புப் பூட்ஸா? இப்படி நினைத்து, அழகான செருப்பைப் போட்டு, வழுக்கி விழுந்து, மறுபடியும் மாவுக்கட்டுக்குப் போனவர்கள் உண்டு.

இரண்டாவது வீழ்ச்சிதான் கொடியது. முதல் தடவை கூடிய எலும்பு இரண்டாவது தடவை அவ்வளவு சுலபத்தில் கூடாமலும் போகலாம். அதற்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவையும், போகும் கூலியையும், வீட்டாரின் கண்ணீரையும் ஒரு தட்டில் வையுங்கள். நாலு பேர் பார்க்கும் பார்வையை மறு தட்டில் வையுங்கள். எது கனம் என்பது தெரிந்துவிடும்.

உலகமே பார்த்துக்கொண்டிருந்த மைதானத்தில், பழகிய கம்பெனியின் பூட்ஸை ஒதுக்கிவிட்டுத் தம் காலுக்கு ஏற்றதைப் போட்டு நடந்தார் ஒரு வீரர். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் அதைச் செய்ய யாரும் கூச வேண்டியதில்லை.